சுருளோடு வாங்கினால்தான் வாழைப்புழு

தூண்டிலில் கோர்க்க வாழைப்புழு வேண்டுமென்றால் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குள் கடைக்குப் போய்விட வேண்டும். ஏழேகாலுக்குப் போனால் தவுக்கே, அதாவது கடை முதலாளி, இரண்டு கையையும் விரித்து, "ஹாபிஸ் லா, ஆனே" என்பார், தீர்ந்துபோச்சு என்று அர்த்தம். மூன்று வாரம் தொடர்ந்து அதைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியவன் நான்.

கடை மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்திலிருந்து தெலுக் ஆயர் தாவார் தாண்டி வடக்கே போகிற சாலையில் இருக்கிறது. ஒரு பக்கம் மோட்டார் பட்டறை, இன்னொரு பக்கம் எப்போதும் பூட்டியே கிடக்கும் முடிதிருத்தும் கடை. பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்து எழுத்தே தெரியாது. தெரிந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன், இப்போதே கூட்டம் அதிகம். சுவர்க்கோழிப் பூச்சிகள் கத்துகிற சத்தம் சாலைவரை கேட்கும், அதுதான் அடையாளம்.

மற்ற சரக்கை முதலில் முடித்துவிடுகிறேன். தூண்டில் முள், ஈயக்குண்டு, தக்கை எல்லாம் நியாயமான விலை. தங்கூசி, அதாவது தூண்டில் நரம்பு மட்டும் இங்கே வாங்காதீர்கள். வெயில் படுகிற கண்ணாடி அலமாரியில் எத்தனை காலமாகக் கிடக்கிறதோ, ஒரு சுண்டு சுண்டினால் அறுந்துவிடுகிறது. சூப்பர்வார்ம் என்கிற வண்டுப்புழு எப்போது போனாலும் கிடைக்கும். அதை வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் தூண்டில்காரர்களே இல்லை, கூண்டில் முராய் பாத்து என்கிற பாடும் குருவி வளர்க்கிறவர்கள். சுவர்க்கோழி ஒரு பொட்டலம் ஐந்து ரிங்கிட், எல்லாம் துள்ளிக்கொண்டிருக்கும், குறையே சொல்ல முடியாது. கடலுக்குப் போகிறவர்களுக்கு உம்புன்-உம்புன் புழு உண்டு, ஈரச் செய்தித்தாளில் மடித்துத் தருகிறார். அதைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. நான் ஆறும் வாய்க்காலும் மட்டும்தான்.

நான் அங்கே போவது வாழைச் சுருளுக்காக.

வாழை இலையின் ஓரத்தைக் கத்தரித்ததுபோல் வெட்டி, குழல் மாதிரிச் சுருட்டி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பலர் அதை இலை நோய் என்று நினைக்கிறார்கள். உள்ளே ஒரு புழு குடியிருக்கிறது. வெளிறிய பச்சை உடம்பு, கறுப்புத் தலை, மேலெல்லாம் திருநீறு பூசியதுபோல் வெள்ளைப் பொடி. அந்தப் பொடி மெழுகுத் தன்மை உடையது, மழைத் தண்ணீர் உள்ளே வந்தாலும் உடம்பில் ஒட்டாது. விரலால் தொட்டால் பொடி நம் கையோடு வந்துவிடும். புழு வளர வளரப் பழைய சுருள் போதாமல் வெளியே வந்து அடுத்ததைச் சுற்றிக்கொள்ளும், அதனால்தான் ஒரே இலையில் காலிச் சுருள்களும் தொங்கும். முழுசாக வளர்ந்தது என் சுண்டுவிரலுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். கடைசிச் சுருளுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகி, பிறகு பழுப்பு நிறத்தில், முன்னிறகில் மூன்று மஞ்சள் புள்ளிகளோடு, சிவப்புக் கண்ணோடு ஒரு பூச்சியாக வெளியே வரும். பகலில் கண்ணில் படாது, பொழுது சாயும் நேரத்தில்தான் பறக்கும். பூச்சிகளைப் படிக்கிறவர்கள் எரியோனோட்டா என்கிறார்கள். எங்கள் வீட்டில் அதற்கு "இலைத் திருடி" என்று பெயர்.

பெயர் வைத்தது அம்மா. நான் பிறந்தது பத்து காவான் என்கிற ஊரின் தோட்டத்தில். லயத்துக்குப் பின்னால், குளிக்கிற தண்ணீர் ஓடுகிற இடத்தில், அம்மா வரிசையாக வாழை வைத்திருந்தார். பழத்தைவிட இலைக்குத்தான் அங்கே மதிப்பு. கல்யாணம், கருமாதி, தைப்பூசம் எதுவானாலும் இலை கேட்டு ஆள் வரும். கிழியாத தலைவாழை இலைக்கு ஒரு விலை, புழு வெட்டியதற்கு விலையே கிடையாது. பால் டின் நிறையப் புழு பொறுக்கிக் கொடுத்தால் ஐந்து காசு தருவார். டின்னோடு நானும் அண்ணனும் பாரிட்டுக்கு, அதாவது வாய்க்காலுக்கு ஓடிவிடுவோம். குண்டூசியை வளைத்த தூண்டில், மூங்கில் கம்பு. புழு தண்ணீரைத் தொட்டதும் பனையேறிக் கெண்டை, அதாவது புயு மீன், அடித்துக்கொண்டு வரும். இன்று அந்தப் பக்கம்தான் பினாங்குத் தீவிலிருந்து இரண்டாவது பாலம் வந்து இறங்குகிறது, ஐக்கியா மரச்சாமான் கடை இருக்கிறது. 2019-ல் அது திறந்த புதிதில் மகள் என்னை அழைத்துப் போனாள். வாகனம் நிறுத்துகிற இடத்தில் நின்று எங்கள் லயம் எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று தேடினேன். திசையே பிடிபடவில்லை.

சரி, கடைக்கு வருகிறேன். புழு பொறுக்கி வருவது தவுக்கே இல்லை, ஓர் அக்கா. எழுபதை நெருங்கும் வயது, ஹோண்டா கப் மோட்டாரில் பின்னால் கூடை கட்டி, ஆறே முக்காலுக்கு வந்து இறங்குவார். கூடையில் ஈரச் சாக்கு, சாக்குக்குள் சுருள்கள். கத்தியால் சுருளை மட்டும், இரண்டு விரல்கடை இலை ஓரம் சேர்த்து, நறுக்கி எடுத்திருப்பார். புழுவை வெளியே எடுப்பதே இல்லை. இருபது சுருள் எட்டு ரிங்கிட். போன வருஷம் ஐந்துதான். நான் முனகினேன். "ஏணி புடிக்க ஆளில்ல தம்பி, நீ வந்து ஏறு, அஞ்சு ரிங்கிட்டுக்கே தரேன்" என்றார். அதோடு முனகலை விட்டுவிட்டேன்.

இந்தக் கடை மற்ற கடைகளிலிருந்து வேறுபடுவது இங்கேதான். போன வருஷம் வேறோர் இடத்தில் இதே புழுவை வாங்கினேன், எந்த ஊர் என்று சொல்லவில்லை. சுருளைப் பிரித்துப் புழுவை மட்டும் எடுத்து, பிளாஸ்டிக் டப்பாவில் முப்பது முப்பதாகப் போட்டு வைத்திருந்தார்கள். பார்க்கச் சுத்தமாக இருந்தது. ஆற்றங்கரைக்குப் போய்த் திறந்தால் பொடியெல்லாம் உதிர்ந்து, உடம்பு வியர்த்து, பாதி கறுத்துக் கிடந்தது. முள்ளில் கோர்த்ததும் பச்சைத் தண்ணீராக ஒழுகி, தோல் மட்டும் மிச்சம். இந்தப் புழுவுக்கு அதன் சுருள்தான் வீடு. வீட்டோடு கொண்டுவந்தால் இரண்டு நாள் உயிரோடு இருக்கும், பிரித்தால் மத்தியானம் தாண்டாது. ஒரு துளி ஈரச் சாக்கும் இலை ஓரமும் போதும் என்பது அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. தவுக்கேவுக்குப் போகப் போகத்தான் தெரிந்தது. முதலில் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டுத்தான் தந்துகொண்டிருந்தார். நான் சொன்ன பிறகு செய்தித்தாளுக்கு மாறிவிட்டார். சொன்னால் கேட்கிற கடைக்காரர், அதற்குத் தனியாக ஒரு மதிப்பெண்.

வாங்கும்போது சுருளைப் பார்த்து வாங்குங்கள். பச்சையாக, வெட்டிய ஓரம் புதிதாக, மெதுவாக அழுத்தினால் உள்ளே லேசாகக் கனம் தெரிந்தால் எடுக்கலாம். ஓரம் காய்ந்து பழுப்பேறி இருந்தால் காலி, இல்லாவிட்டால் உள்ளே கூட்டுப்புழு. கூட்டுப்புழு கையில் சிலுப்பிக்கொள்ளும், ஏமாந்துவிடாதீர்கள். எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்க அக்கா விடமாட்டார், அதுவும் சரிதான்.

என் பெரிய புகார் ஒன்று இருக்கிறது. மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை வாங்கிய இருபதில் ஏழு சுருளைப் பிரித்தால் புழுவே இல்லை. அரிசிப்பொரியைக் கொட்டியதுபோல் வெள்ளை வெள்ளையாகச் சின்னக் கூடுகள், ஒரு குவியல். பக்கத்தில் புழுவின் வற்றிய தோல். சின்னக் குளவியின் வேலை அது. குளவி வாழைப்புழுவின் உடம்புக்குள் முட்டையிடும், குஞ்சுகள் உள்ளிருந்தே தின்று வளர்ந்து, வெளியே வந்து இப்படிக் கூடு கட்டிக்கொள்ளும். வாழைக்காரருக்குக் குளவி நண்பன். எட்டு ரிங்கிட் கொடுத்த எனக்கு? அடுத்த வாரம் அந்த ஏழு சுருளையும் அப்படியே கொண்டுபோய் மேசைமேல் வைத்தேன். தவுக்கே எட்டிப் பார்த்துவிட்டு அக்காவைப் பார்த்தார். அக்கா ஒன்றும் பேசாமல் கூடையிலிருந்து ஒன்பது சுருள் எண்ணி என் பையில் போட்டார். குளவி விழுந்த பக்கத்தை அந்த மாதம் விட்டுவிட்டு வேறு தோட்டத்தில் பறித்ததாகப் பிறகு சொன்னார். மருந்து அடித்த தோட்டத்துக்குள் கால் வைக்க மாட்டாராம். இலைக்காரர்களும் அவரைத் தடுப்பதில்லை. அவர்களுக்குப் புழு போனால் சரி.

இந்தப் புழு மோகத்தை என் மருமகன் அமெரிக்காவிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம் கிண்டல் செய்வான். ஜார்ஜியா மாநிலத்தில் வேலை. போன வருஷம் அவனே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். அங்கே தெற்கு மாநிலங்களில் காட்டால்பா என்று ஒரு மரம், அகலமான இதய வடிவ இலை. அந்த மரத்தின் இலையை மட்டுமே தின்கிற ஒரு புழு உண்டு. கறுப்பும் மஞ்சளுமாய், வாலில் ஒரு கொம்போடு இருக்கும். தூண்டிலுக்கு அதைவிட்டால் வேறில்லை என்று அங்குள்ள பெரியவர்கள் சத்தியம் செய்கிறார்களாம். புழுவுக்காகவே வீட்டு ஓரத்தில் அந்த மரத்தை நட்டு வளர்க்கிறார்கள். ஒரு பருவத்தில் புழு மரத்தையே மொட்டையடித்துவிடும், மரம் திரும்பத் துளிர்த்துக்கொள்ளும். அந்தப் புழுவுக்கும் குளவி எதிரி, முதுகில் வெள்ளைக் கூடுகளோடு அது ஊர்கிற படம் அனுப்பினான். என்னுடைய அரிசிப்பொரியேதான்! கடல் தாண்டியும் ஒரே கதை.

அவன் சொன்ன இரண்டு உத்தியைச் செய்து பார்த்தேன். ஒன்று, புழுவின் தலையைக் கிள்ளிவிட்டு, தீக்குச்சியால் உள்ளே தள்ளி, சட்டையைக் கழற்றுவதுபோல் உள்வெளியாகத் திருப்பிக் கோர்ப்பது. அங்கே புழுத்தோல் தடிப்பு, தாங்கும் போலிருக்கிறது. நம் வாழைப்புழு வெடித்து என் சட்டையெல்லாம் பச்சை. இன்னொன்று, சோள மாவில் போட்டு உறைய வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும் என்பது. சோள மாவுக்கு எங்கே போவது? அரிசி மாவில் போட்டு, மூடிய டப்பாவில் ஃப்ரீசரில் வைத்தேன். மூன்றாம் நாள் என் வீட்டம்மா இடியாப்பத்துக்கு மாவு தேடியதும், அந்த டப்பா அவர் கையில் கிடைத்ததும், பிறகு வீட்டில் நடந்ததும் இந்தக் கடையைப் பற்றிய விஷயம் இல்லை. உறைந்த புழுவும் இளகியபின் கஞ்சியாகிவிட்டது, அதற்கும் பிரயோஜனமில்லை. வாழைப்புழுவை வாங்கிய அன்றே, மிஞ்சினால் மறுநாள் காலை பயன்படுத்திவிட வேண்டும்.

கோர்க்கிற விதம் முக்கியம். பத்தாம் எண் முள், அதைவிடப் பெரிது வேண்டாம். கறுப்புத் தலைக்குச் சற்றுக் கீழே, தோல் கெட்டியாக இருக்கிற கழுத்தில் ஒரே குத்து. மீதி உடம்பு தொங்கி நெளியட்டும். நடு உடம்பில் குத்தினால் கதை முடிந்தது. ஈயம் மிகச் சிறியதாக, இல்லாமலேகூடப் போடலாம். இலையிலிருந்து தவறி விழுந்த புழு தண்ணீரில் மெதுவாகத்தானே இறங்கும்?

நான் போவது சுங்கை மூடா ஆறு. பினாங்குக்கும் கெடாவுக்கும் அதுதான் எல்லை, நம் வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீரில் பெரும்பகுதி அங்கிருந்து வருவதுதான். கரையோரம் மரம் சாய்ந்து நிழல் விழுகிற இடமாகப் பார்த்து உட்காருவேன். லம்பாம் மீன் இலை, பழம், பூச்சி எதையும் விடாது, மேலிருந்து விழுவதற்காகக் காத்திருக்கிற சாதி. போன மாதம் ஒரு சனிக்கிழமை பக்கத்தில் ஒரு மலாய்ப் பெரியவர் ரொட்டி மாவு உருண்டையோடு உட்கார்ந்திருந்தார். நான் ஒரு கம்பில் சூப்பர்வார்ம், இன்னொன்றில் வாழைப்புழு போட்டேன். பத்து மணிவரை சூப்பர்வார்மில் இரண்டு, வாழைப்புழுவில் பதினொன்று, எல்லாம் உள்ளங்கையைவிடப் பெரிய லம்பாம். பெரியவருக்கு மூன்று. நாலு சுருள் எடுத்து நீட்டினேன். பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கம்பத்தில், அதாவது கிராமத்தில், சின்ன வயதில் இதைத்தான் போடுவாராம், கடையில் காசுக்கு விற்கிறார்கள் என்றதும் நம்பவே இல்லை.

ஒரே நாள் கணக்கை வைத்து எதையும் நிரூபிக்க நான் வரவில்லை. மறு வாரம் மழைத் தண்ணீர் கலங்கி ஓடியது, வாழைப்புழுவுக்கும் ஒரு கடிகூட இல்லை. கலங்கல் தண்ணீரென்றால் மண்புழு போட்டு, கெளுத்திக்கு அடியில் இறக்குவதுதான் சரி. விராலுக்கும் இது சரிப்படாது, அதற்குத் தவளைதான். பெனாகா பக்கம் வயல் வாய்க்காலில் புயு பிடிக்கப் போகிறவர்கள் சின்னச் சுருளாகக் கேட்டு வாங்குங்கள், அக்கா தனியாக எடுத்து வைத்திருப்பார். கெரங்கா எறும்பு முட்டைக்குத்தான் புயு அதிகம் மயங்கும் என்று சிலர் சொல்வார்கள். மாமரத்தில் ஏறி அந்தச் சிவப்பெறும்பிடம் கடி வாங்கத் தயாரென்றால் தாராளமாகப் போகலாம், நான் ஒரு முறை போயிருக்கிறேன், அது போதும்.

கடையில் ஒரு சின்னப் பையன் தவுக்கேவிடம் வீட்டு முருங்கையிலுள்ள புழுவைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டான். அக்கா பதறிப்போய், "தொடாதடா கண்ணு, அது கம்பளிப்பூச்சி" என்றார். சரியான அதட்டல். ரோமம் உள்ள புழு எதையும் தொட வேண்டாம், அரிப்பு நாள்கணக்கில் போகாது. செம்பனைத் தோட்டத்தில் முள் முள்ளாகப் பச்சைப் புழு ஒன்று உண்டு, அது பட்டால் நெருப்புப் பட்ட மாதிரி இருக்கும். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் இருக்கிற பச்சைப் புழு பார்க்க வாழைப்புழு மாதிரித் தெரியும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பை நீட்டி, ஒரு நாற்றம் விடும். நான் அதையும் போட்டுப் பார்த்திருக்கிறேன். மீன் கிட்டவே வரவில்லை.

கடையில் வண்டி நிறுத்த இடம் குறைவு, பட்டறைக்காரர் வாசலை மறைத்தால் சண்டைக்கு வருவார். வெள்ளிக்கிழமை மாலை போன் பண்ணி ஒதுக்கி வைக்கச் சொல்லலாமா என்று கேட்டேன், தவுக்கே ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் வருகிறவருக்கு முதலில். அட்டையில் காசு கட்ட முடியாது, கையில் சில்லறை வையுங்கள். தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்களில் சுருள் குறைவாகத்தான் வரும். தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் அன்னதானப் பந்தல்களுக்கு இலை அறுத்து முடித்தபின் வாழையில் புழுவுக்கு என்ன மிச்சம்?

போன வாரம் வாங்கியதில் ஒரு பழுப்புச் சுருள் வந்துவிட்டது. நான்தான் சரியாகப் பார்க்கவில்லை. உள்ளே நீளமாக, பொடி பூசிய கூட்டுப்புழு. தூக்கி எறிய மனமில்லாமல் பின்கட்டில் துணி காயப்போடும் கொடியில் சுருளோடு கிளிப் மாட்டித் தொங்கவிட்டேன். புதன்கிழமை சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் பார்த்தால், வெளியே வந்து இறகை உலர்த்திக்கொண்டிருந்தது, இரண்டு கண்ணும் செக்கச் செவேலென்று. எங்கள் வீட்டுக்குப் பின்னால் நாலு வாழை இருக்கிறது. பறந்துபோய் அதில் முட்டையிட்டால் எட்டு ரிங்கிட் மிச்சம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேன். என் வீட்டம்மா துணி எடுக்க வந்தவர் அதையும் பார்த்தார், என் முகத்தையும் பார்த்தார்.

"ஏங்க, தீபாவளிக்கு இலை வாங்குற காசு உங்க கணக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.